முப்பத்தொரு மீன்

தென்காசி
6-3-1944

அன்புள்ள தங்கை ஆவுடையம்மாளுக்கு அண்ணன் பால்வண்ணநாதன் ஆசீர்வாதம்.

வல்லிநாயகம் ஒன்பது வயதில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். உனக்குச் சொல்லியிருக்கிறேனா என்று நினைவில்லை. உன் மகனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு சந்தை வழியாக வந்தேன். மீன் விற்கிற இடம் வந்ததும் நம் சைவ வீட்டு வழக்கப்படி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாக நடந்தேன். திரும்பிப் பார்த்தால் அவன் கூடைக்காரியின் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்திருக்கிறான். "மாமா, செத்த மீனுக்கு வெல சொல்லுதாவ. உசுரோட இருக்க மீனுக்கு வெல உண்டா?" என்றான்.

முப்பத்து நாலு வருஷம் வாத்தியாராக இருந்தவன் நான். தெரியாது என்று எந்தப் பையனிடமும் சொன்னதில்லை. "வாங்குகிறவன் எவ்வளவு கொடுக்கிறானோ அதுதான் விலை" என்று சொல்லி வைத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததுமே அந்தப் பதில் போதவில்லை என்று தெரிந்தது.

இப்போது அதை நினைக்கக் காரணம் உண்டு. உன் வீட்டுக்காரரின் தமையனார் குற்றாலத்து வீட்டை விற்றுவிட்டாராம். வாங்கியவர் சீசனுக்கு வருகிறவர்களுக்காக அறைகள் கட்டப் போகிறாராம். தோட்டத்துக் குளத்தைத் தூர்த்துவிடுவார்களாம். இதையெல்லாம் தபால்காரர் வாயால் கேட்க வேண்டியிருந்தது. மூன்று மைலில் தங்கை இருக்கிறாள், தபால்காரர் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

தப்பு என்னுடையது. வல்லி வேலைக்குப் போன சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்த செய்தி வந்த மறுவாரம் நான் உன் வீட்டுக்கு வந்து, "இனிமே மனசத் தேத்திக்கிடணும் ஆவுடை" என்றேன். நீ எழுந்து போய்க் கதவைச் சாத்தினாய். இரண்டு வருஷம் ஆயிற்று. ஆறுதல் என்று நினைத்துச் சொன்னேன். தகவலே இல்லாத இடத்தில் முடிவைச் சொல்லிவிட்டேன் என்று பிறகுதான் உறைத்தது.

எங்கே போவதாக இருக்கிறாய்? வல்லியின் மீன்களை என்ன செய்யப் போகிறாய்? உன் மதினி உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.


குற்றாலம்
9-3-1944

அண்ணன் அவர்களுக்கு ஆவுடையம்மாள் எழுதியது.

காகிதம் கிடைக்கவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன். நிறையத் தாள் இருந்தாலும் உங்களுக்கு இவ்வளவுதான் எழுதுவேன்.

வீடு போனது உண்மை. வைகாசி பிறந்ததும் நான் வெளியேற வேண்டும். கீழப்பாவூரில் என் வீட்டுக்காரரின் ஒன்றுவிட்ட தங்கை ஓர் அறை தருகிறாள். உங்கள் வீட்டுக்கு வருவேன் என்று மதினி எதிர்பார்க்க வேண்டாம்.

தப்பை ஒத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். அதில் பாதியை விட்டுவிட்டீர்கள். சிங்கப்பூர்க் கம்பெனிக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தது யார்? செங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் இடம் காலி இருக்கிறது, அங்கே போகட்டும் என்று நான் சொன்னேன். "வாத்தியார் வேலையில என்னட்டி இருக்கு, என்னயப் பாரு" என்று சிரித்தீர்கள். அந்த ஊரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? தேசப்படத்தில் குச்சி வைத்துக் காட்டியிருக்கிறீர்கள். அவ்வளவுதானே? நானும் உங்கள் குச்சியை நம்பினேன்.

மீன் கணக்குக் கேட்டீர்கள். முப்பத்தெட்டில் அவன் லீவில் வந்தபோது கண்ணாடி ஜாடியில் ஆறு கொண்டுவந்தான். நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கும்போது ஐந்து. தென்காசி ஸ்டேஷனில் நாலு. ராத்திரி முழுக்க ரயிலில் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு தூங்காமல் வந்தவன் அவன். அந்த நாலும் பெருகி இன்றைக்கு முப்பத்தொன்று. நாலில் ஒன்று இன்னும் இருக்கிறது, தலை மட்டும் வெள்ளை.

அவன் கடைசியாக எழுதியது நாற்பத்தொன்று டிசம்பரில். "மீன யாருக்கும் குடுத்துராத. நா வந்து எண்ணிப் பாப்பேன்" என்று எழுதியிருந்தான். வெள்ளிக்கிழமைதோறும் தவிட்டு உருண்டை போட்டு எண்ணுகிறேன். போன வெள்ளிக்கிழமையும் முப்பத்தொன்றுதான்.

அவன் வந்தால் ஆலத்தி எடுக்க வாசல் மாடத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் தயாராக இருக்கின்றன. கைம்பெண் நான் எடுக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக் குழல்வாய்மொழியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் இரண்டு வருஷமாக, "எப்பம்னாலும் கூப்பிடுங்க மதினி, ஓடி வாரேன்" என்கிறாள். ஊரில் அவள் ஒருத்திதான் என்னைப் பார்த்து மனசைத் தேற்றிக்கொள் என்று சொல்லாதவள்.

இப்போது குளம் இல்லாமல் மீனை எங்கே வைப்பேன்? வீட்டை வாங்கியவர் இன்னொன்றும் சொல்கிறார். தோட்டத்தில் இருப்பதெல்லாம் கிரயத்தில் சேர்ந்ததாம். மீன் வேண்டுமானால் விலை மதித்துக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.


தென்காசி
12-3-1944

அன்புள்ள ஆவுடைக்கு,

நீ எழுதியது முழுவதும் சரி. சிபாரிசுக் கடிதம் நான்தான் எழுதினேன். நாலு முறை அடித்து எழுதி, நல்ல இங்கிலீஷில் எழுதியதாகப் பெருமைப்பட்டேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் மன்னிப்புக் கேட்பது போல் ஆகிவிடும். அதற்கு இது இடமில்லை. மீன்களைப் பார்ப்போம்.

நாலு வழி இருக்கிறது. ஒன்று, சிற்றாற்றில் விடுவது. வேண்டாம். வெள்ளை வேட்டி கட்டியவன் பச்சை வயலுக்குள் ஒளிந்து விளையாடினால் எப்படியிருக்கும்? இந்தச் சிவப்பு மீன்கள் ஆற்றில் அப்படித்தான். முதல் நாளே மீன்கொத்தி கண்டுபிடித்துவிடும். மிச்சத்தை விரால் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது, கோயில் தெப்பக்குளம். பொரி போடுகிறவர்கள் உண்டு, பிடித்துத் தின்பவர்கள் கிடையாது. ஆனால் அங்கே விட்டபின் உன்னால் எண்ண முடியாது. மூன்றாவது, விற்பது. ஜமீன் பங்களாவில் வாங்குவார்கள். நீ விற்கமாட்டாய்.

நாலாவது என் தோட்டம். கிணற்றுக்குத் தெற்கே மாதுளை நிற்கிற இடத்தில் ஆறடிக்கு எட்டடி ஒரு தொட்டி கட்டிவிடலாம். நிழல் இருக்கிறது. மீன்கள் வல்லியுடையவை, நான் காவல்காரன் மட்டும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எண்ணிக் கார்டு போடுவேன். உனக்கு வர மனமிருந்தால் நீயே வந்து எண்ணலாம். வர மனமில்லாவிட்டாலும் தொட்டி இருக்கும்.

விலை மதிக்கச் சுடலைக்கண்ணுவை அனுப்புகிறேன். ஏரி குளங்களில் மீன் பிடிக்கும் உரிமையை, மீன் பாசியை, குத்தகைக்கு எடுக்கிறவர். நேர்மையான மனிதர். நாம் இருவரும் வாழ்நாளில் ஒரு மீன் வாங்கியதில்லை, நமக்கு விலை தெரியாது.


குற்றாலம்
8-4-1944

அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் சுடலைக்கண்ணு வந்தார். வாங்கினவரும் வந்து குளத்துக் கரையில் நின்றார். சுடலைக்கண்ணு குனிந்து தண்ணீரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "மொதலாளி, திங்கதுக்கா, பாக்கதுக்கா?" என்று கேட்டார்.

"ரெண்டுக்கும் என்னவே வித்தியாசம்?"

"பாக்கதுக்குன்னா வெல பாக்கவன் கண்ணுல இருக்கு. அதுக்கு என்ட்ட தராசு கெடையாது. திங்கதுக்குன்னா நா சொல்லுவேன்."

"இங்கன எவன்வே மீனப் பாத்துக்கிட்டு இருக்கப் போறான்? அருவியப் பாக்கவே ஆளுக்கு நேரமில்ல. திங்கதுக்குன்னே போடும்."

"அப்பம் பூராவும் சேத்து ஒண்ணரை சேரு தேறாது. அதுலயும் முள்ளுதான் சாஸ்தி. பன்னண்டணா."

அவர் எனக்கு உதவி செய்ய வந்தவர். அது எனக்குத் தெரிந்தது. பன்னிரண்டணாவை எண்ணி வைத்ததும் மீன் என்னுடையது ஆகிவிட்டது. சந்தோஷப்பட வேண்டும். ஆனால் அவர் போகும்போது நான் சத்தம் போட்டேன். "கப்பலேறி வந்த மீனுவே இது! பன்னண்டணாவாம்ல!" என்றேன். அவர் திரும்பி நின்றார். "ஆச்சி, ஒங்க மவன் வந்து வெல கேட்டா நா வேற சொல்லுவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

'வந்தால்' என்று சொல்லாமல் 'வந்து' என்று சொன்னார். இரண்டு வருஷத்தில் அப்படிச் சொன்ன முதல் ஆண்பிள்ளை அவர்தான்.

தொட்டியைக் கட்டுங்கள். என்னுடைய நிபந்தனை ஒன்றுதான். வெள்ளிக்கிழமை நான் வந்து எண்ணுவேன். உங்களிடம் பேசுவேனா என்று தெரியாது. மதினியிடம் பேசுவேன்.


தென்காசி
3-5-1944

அன்புள்ள ஆவுடைக்கு,

தொட்டி தயார். உன் கெடு வைகாசி முதல் தேதிதான். அதற்குப் பத்து நாள் முன்பே முடித்துவிட்டேன். வகுப்பில் முதலில் கணக்குப் போட்டுவிட்டுக் கை தூக்குகிற பையன் மாதிரி இருக்கிறது எனக்கு.

சிமெண்டு எல்லாம் ராணுவத்துக்குப் போய்விட்டது, கிடைக்கவில்லை. கொத்தனார் செல்லச்சாமி சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்து நல்ல காரையாகப் பூசியிருக்கிறார். தேய்த்துத் தேய்த்துப் பீங்கான் போல ஆக்கிவிட்டார். எத்தனை நாள் தண்ணீர் நிற்க வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். "ஒழுகுதான்னு பாக்க மூணு நாளு போதும் ஐயா" என்றார். இன்று நாலாம் நாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அடியில் ஒரு காலணா கிடந்தால் வருஷத்தைப் படிக்கலாம்.

மீன் அனுப்பும் விதம் எழுதுகிறேன். புறப்படுவதற்கு முதல் நாள் இரை போடாதே. சாப்பிட்டுவிட்டு வண்டிப் பயணம் போனால் குழந்தைகள் என்ன செய்யும் என்று உனக்குத் தெரியும், மீன் பானையிலேயே அசுத்தம் செய்து அந்தத் தண்ணீரையே குடிக்கும். செப்புக் குடம் வேண்டாம், பழகிய மண்பானைதான் நல்லது. பானையில் பாதி மட்டும் குளத்துத் தண்ணீர். மேல் பாதி காற்றுக்கு. வாயில் ஈரத்துணி கட்டு. வெயிலுக்கு முன் புறப்பட வேண்டும். இங்கே வந்ததும் நான் உடனே கொட்டமாட்டேன். பானையைத் தொட்டிக்குள் அரை மணி நேரம் மிதக்க வைத்து, இரண்டு தண்ணீரின் குளிர்ச்சியும் ஒன்றான பிறகு சாய்ப்பேன். வெயிலில் வந்த பிள்ளையின் தலையில் அருவி விழுந்தால் மூச்சு முட்டும் அல்லவா? அதுபோலத்தான்.

எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். நீ கவலைப்படாதே.


குற்றாலம்
8-5-1944

அண்ணன் அவர்களுக்கு,

இந்தக் கடிதம் சுடலைக்கண்ணுவின் வண்டியில், பானைகளோடு வருகிறது. ஆறு பானை. பானைக்கு ஐந்து. முப்பது. எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று குறைவதைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

நேற்றுக் குளத்தை இறைத்தோம். நான் முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு கரையிலேயே நின்றேன். தண்ணீர் முழங்கால் அளவு ஆனதும் மீன்களெல்லாம் ஒரு மூலைக்குப் போய் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டன. சுடலைக்கண்ணு வலையை வெளியிலேயே வைத்துவிட்டார். "ஆச்சி, வல போட்டா செதில் போயிரும். கையாலயே அள்ளுவோம்" என்று இறங்கினார். ஒவ்வொன்றாக இரண்டு கையிலும் ஏந்திக் கொண்டுவந்து என் பானையில் விட்டார். சேற்றுக்கடியில் வல்லியின் வெண்கலத் தம்ளர் கிடைத்தது. அதைக் காணோம் என்று வேலைக்காரியைத் திட்டி அனுப்பியிருக்கிறேன். அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும். இப்போது அவள் எங்கே இருக்கிறாளோ.

குளம் காலியானதும் அருவிச் சத்தம் அதிகமாகக் கேட்டது. இத்தனை நாள் கேட்டதுதான். நேற்று அதிகமாகக் கேட்டது.

வெள்ளிக்கிழமை வருகிறேன். மதினியிடம் சொல்லுங்கள், ஒரு நேரச் சாப்பாட்டுக்கு மட்டும். பிறகு பார்க்கலாம். கீழப்பாவூர் அறைக்கு இன்னும் வெள்ளையடிக்கவில்லை என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். உங்கள் தோட்டத்துப் பக்கம் ஓர் அறை பூட்டிக் கிடக்கும் என்பது எனக்கு நினைவிருக்கிறது.


தென்காசி
10-5-1944

ஆவுடை,

இதை நான் நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். இரண்டு முறை உன் தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பினேன். அதனால் எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

மீன்கள் எல்லாம் போய்விட்டன. முப்பதும்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டி வந்தது. எல்லாம் உயிரோடு, சுறுசுறுப்பாக வந்தன. சுடலைக்கண்ணு பானையை இறக்கியவர் தொட்டியருகில் போய் நின்று மூக்கை உறிஞ்சினார். "ஐயா, சுண்ணாம்பு மணக்குல்லா. இன்னைக்கு விடாண்டாம். பானையிலயே கெடக்கட்டும், நா ரெண்டு நாளு வந்து பழைய தண்ணி மாத்துதேன்" என்றார்.

அவருக்கு நான் பாடம் நடத்தினேன், ஆவுடை. பானையில் காற்று போதாது, தண்ணீரில் காற்று கரையும் விதம் இப்படி, ஐந்து மீனுக்கு இத்தனை நேரம்தான் தாங்கும் என்று விளக்கினேன். ஒரு உதாரணம்கூடச் சொன்னேன், சின்ன அறையில் நிறைய ஆட்கள் படுத்திருப்பது பற்றி. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஐயா படிச்சவுக" என்றார். பானையை மிதக்க வைத்தேன். அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்தேன். சாய்த்தேன்.

பத்து மணிக்கெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று நினைத்துத் தவிடு போட்டேன். தொடவில்லை. உச்சிவேளையில் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது. உன் மதினி அப்போதுதான் மஞ்சள் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தவள், அய்யோ என்று ஓடிவந்து இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டு அதை ஏந்தினாள். ஏந்தினவள் கத்தினாள். "ஏங்க! இங்க வாங்க! கையெல்லாம் ரெத்தமாட்டு வருது!"

ரத்தம் இல்லை. அவள் உள்ளங்கை மஞ்சள் சிவந்து கலந்தது. ஆலத்தித் தட்டில் சிவக்கிற அதே சிவப்பு. சுண்ணாம்பு முழுவதும் தண்ணீரில் இறங்கியிருந்தது. கண்ணாடி மாதிரி என்று எழுதினேனே, சுண்ணாம்புத் தெளிவு அப்படித்தான் இருக்கும். அது மீனின் செவுளைத் தின்றுவிடும்.

மிச்சம் இருந்தவற்றை அள்ளிக் கிணற்றுத் தண்ணீரில் போட்டோம். சாயங்காலம் வரை ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் போனது வாலில் கறுப்புப் புள்ளி உள்ளது.

முப்பத்து நாலு வருஷம், ஐந்தாம் வகுப்பில், ஒவ்வொரு ஆடி மாதமும் இந்தச் சோதனையைச் செய்து காட்டியவன் நான். ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீர், கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் சுண்ணாம்பு. வல்லி முன் பெஞ்சில் இருந்தான். "மாமா, ரெத்தம்!" என்றான், எல்லாரும் சிரித்தார்கள். "பள்ளிக்கூடத்தில மாமா இல்லலே, சார்" என்று நான் அவனைத் திருத்தினேன். மேஜையில் செய்ததை என் தோட்டத்தில் செய்யத் தோன்றவில்லை. கொத்தனாரிடம் ஒழுகுமா என்று கேட்டேன். அவர் அதற்குச் சரியான பதில்தான் சொன்னார். நான் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

மாதுளைக்கு அடியில் புதைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை நீ வரமாட்டாய் என்று தெரியும். அறையைத் திறந்து கழுவி வைத்திருக்கிறாள் உன் மதினி. பூட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.


கீழப்பாவூர்
11-6-1944

அண்ணன் அவர்களுக்கு,

ஒரு மாதம் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது?

கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். கோபம் இருந்தவரை நன்றாகத்தான் இருந்தேன். அவனை அனுப்பியவர் நீங்கள், அவன் செத்துவிட்டான் என்று சொன்னவர் நீங்கள், அதனால் அவன் சாகவில்லை. இப்படி ஒரு கணக்கு எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அந்தக் கணக்கும் நின்றுவிட்டது. நீங்கள் யோசித்துச் செய்கிற காரியம் எல்லாம் இப்படித்தான் முடிகிறது, அண்ணே. கெட்ட எண்ணமே இல்லாமல். அக்கறையாக, அரை மணி நேரம் கடிகாரம் பார்த்து.

நீங்கள் நல்லவர் இல்லை என்று என்னால் நினைக்க முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை வந்தால் கை தவிட்டுப் பானைக்குப் போகிறது. எண்ண ஒன்றும் இல்லை. எண்ணுவதற்காகத்தான் அவன் வருவதாக இருந்தது. அவன் பெரியப்பா இங்கே வந்திருந்தார். "ரெண்டு வருசம் தாண்டிட்டு. எள்ளும் தண்ணியும் எறச்சிருவோம் ஆவுடை. பயலோட ஆத்துமா அலையப்பிடாது" என்றார். நான் சரி என்றேன். திதி தெரியாததால் ஆடி அமாவாசை என்கிறார். அருவிக்கரையில் செய்யலாமாம். பஞ்சாங்கம் பார்த்து நாளை நீங்கள்தான் எழுத வேண்டும். முதலில் சொன்னவர் நீங்கள். நாளும் உங்கள் கையாலேயே வரட்டும்.

இன்னொன்று. ஒன்று குறைவதைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்று எழுதியிருந்தேன். அதை நான் வைத்துக்கொண்டேன். வெள்ளைத்தலையை. உங்கள்மேல் முழுசாக நம்பிக்கை வரவில்லை, அதனால். அன்றைக்கு எனக்கு அது வெட்கமாக இருந்தது. பானையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டுதான் இங்கே வந்தேன்.

பானை அதற்குப் போதவில்லை. சுற்றிச் சுற்றி வந்து மூக்கு புண்ணாகிவிட்டது. இங்கே கிணற்றடியில் மாடு குடிக்கப் புதிதாக ஒரு தொட்டி கட்டிக் காரை பூசியிருக்கிறார்கள். எப்போது பூசினார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு நாள் சொல்கிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அதில் விட்டுவிடுவேன். இருந்தால் இருக்கட்டும், போனால் போகட்டும். எனக்கு அலுத்துவிட்டது.

மாடத்திலிருந்த சுண்ணாம்பை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டேன். மஞ்சளை மட்டும் முடிந்து கொண்டுவந்திருக்கிறேன். எதற்கு என்று தெரியவில்லை.


தென்காசி
13-6-1944

அன்புள்ள ஆவுடைக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. ஆடி அமாவாசை ஆடி ஐந்தாம் தேதி, வியாழக்கிழமை. கேட்டதால் எழுதுகிறேன். அது பஞ்சாங்கத்தில் அச்சடித்திருக்கிற நாள். வல்லியின் நாள் அதுதான் என்று நான் எழுதவில்லை. எழுத எனக்குத் தெரியாது. நாற்பத்திரண்டு மாசியில் உன் வீட்டுக்கு வந்தபோது நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை இதுதான்: தெரியாது. அன்று அது வாயில் வரவில்லை. அவன் இருக்கிறான் என்று இப்போது சொல்லி உன்னைத் தேற்றவும் எனக்கு யோக்கியதை இல்லை. தெரியாது.

எள் இறைப்பதானால் நான் வந்து நிற்கிறேன். வேண்டாம் என்றால் வரவில்லை. நீ வைத்துக்கொண்ட ஒன்று உயிரோடு இருப்பது நீ என்னை நம்பாததால். அதற்கு வெட்கப்படாதே. தொடர்ந்து அப்படியே இரு.

தொட்டியை இடிக்கவில்லை. வாழைத்தண்டும் சாணமும் போட்டு, வாரத்துக்கு ஒரு முறை தண்ணீரை இறைத்து மாற்றுகிறேன். சுடலைக்கண்ணு சொல்லிக் கொடுத்த முறை. ஐப்பசிக்குள் பழகிவிடும் என்கிறார். நான் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. அறை திறந்துதான் இருக்கிறது.

கிணற்றடித் தொட்டியைப் பற்றி யார் சொல்வதையும் கேட்காதே, நான் சொல்வதையும்தான். வெள்ளைத்தலையை விடுவதற்கு முன் அந்தத் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் மொண்டு, நீ முடிந்து வைத்திருக்கிற மஞ்சளில் ஒரு சிட்டிகை போட்டு, நூறு வரை எண்ணிப் பார். சிவந்தால் விடாதே.